அழைப்பும் அயர்வும்

கிறிஸ்தவ மரபில் ‘அழைப்பு’ என்று வழங்கும் சொல்லுக்கு, புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் ‘க்லேசிஸ்’ என்று பெயர். ஒருவரைக் கூப்பிடுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். தமிழில் ‘சபை’ என்றும் ‘திருச்சபை’ என்றும் குறிக்கப்படும் ‘எக்லேசியா’வும் அதே வேரிலிருந்து பிறந்ததாகையால், கூப்பிடப்பட்ட தனியொருவரும் கூப்பிடப்பட்டோரின் கூட்டமும் மொழியளவிலேயே உறவுடையவை. தமிழ்க் கத்தோலிக்கர் ‘இறையழைத்தல்’ என்னும்போது பெரும்பாலும் குருத்துவத்தையும் துறவறத்தையும் மனத்தில் கொள்கின்றனர். சீர்திருத்தச் சபையார் ‘ஊழிய அழைப்பு’ என்னும்போது போதகரையும் சுவிசேஷகரையும் எண்ணுகின்றனர். இந்தக் குறுகலை 16ஆம் நூற்றாண்டிலேயே மறுத்த மார்ட்டின் லூத்தர், ‘பெரூஃப்’ என்னும் ஜெர்மன் சொல்லை உழவரின் உழைப்புக்கும் தாயின் பராமரிப்புக்கும் நடுவரின் தீர்ப்புக்கும் பொதுவாக்கி, மடத்துக்குள் செய்யப்படும் வேலை மட்டுமே கடவுளால் கூப்பிடப்பட்ட வேலை என்னும் எண்ணத்தை உடைத்தார்.

எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும், அழைப்பு என்னும் கருத்தில் ஓர் அம்சம் மாறுவதில்லை: கூப்பிட்டவர் ஒருவர், கூப்பிடப்பட்டவர் வேறொருவர். தானே தெரிந்தெடுத்த தொழிலில் ஒருவர் தம் விருப்பத்தையும் வருவாயையும் வைத்துத் தம்மை அளந்துகொள்ளலாம். அழைப்பில் அந்த அளவுகோல் அவர் கையில் இருப்பதில்லை. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், தம்மையும் தம் உடன்வேலையாட்களையும் உக்கிராணக்காரர் என்று குறிப்பிட்டு, உக்கிராணக்காரரிடம் தேடப்படுவது உண்மையே என்று வாதிடுகிறார். கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை வைத்திருப்பவரை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த உவமை விளக்கமின்றியே விளங்கும். பந்தியில் சாம்பார் ருசித்ததா இல்லையா என்பதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஒப்படைக்கப்பட்ட பொருள் குறையாமல், கேட்ட வேளையில், கேட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு மட்டுமே பொறுப்பாளி.

ஆயினும், பலனால் அளக்கப்படுவதில்லை என்று கற்பிக்கப்பட்டவர்களே பலனின்மையால் மனம் உடைந்துபோகிறார்கள். பத்தாண்டுகள் பணிசெய்த ஊரில் ஒருவரும் செவிகொடுக்கவில்லை என்று போதகர் வருந்துகிறார். கூடவே இருந்தவர்கள் பழித்தார்கள் என்று மருத்துவமனைச் சகோதரி வருந்துகிறார். ஜெபமே வறண்டுவிட்டது என்று துறவி வருந்துகிறார். சபை வழக்கமாக இவை அனைத்துக்கும் ‘விசுவாசக் குறைவு’ என்னும் ஒரே பெயரைச் சூட்டி, ‘இன்னும் ஜெபியுங்கள்’ என்னும் ஒரே மருந்தைத் தருகிறது. வேதாகமமும் பண்டைத் துறவற மரபும் அவ்வாறு செய்யவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. அயர்வு என்னும் ஒரே பெயருக்குள் வெவ்வேறு காரணங்களும் வெவ்வேறு மருந்துகளும் கொண்ட பல நிலைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் ‘நிலைத்திரு’ என்று சொல்வது சில வேளைகளில் ஆறுதலாகாமல் கொடுமையாகவே முடியும்.

முதலில், உடலின் களைப்பாகிய அயர்வு. ராஜாக்களின் முதலாம் புத்தகம் கூறும் எலியாவின் கதையில், கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற மறுகணமே யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடும் தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து தமக்குச் சாவு வேண்டும் என்று கேட்கிறார். தோல்விக்குப் பின் வந்த சோர்வு அன்று இது. வெற்றிக்குப் பின் வந்தது. வானதூதன் அவரைக் கடிந்துகொள்வதில்லை, அவருடைய இறையியலைத் திருத்துவதில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத் தண்ணீரையும் வைத்து, உண்ணச் சொல்லி, மீண்டும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பின்னரே, அங்கே அவருக்கு என்ன வேலை என்னும் கேள்வி வருகிறது. தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எலியா புலம்பும்போது, பாகாலுக்கு முழங்காற்படியாத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்னும் கணக்கும், அபிஷேகம் செய்ய வேண்டிய மூவரின் பெயரும் தரப்படுகின்றன. அந்த மூவரில் ஒருவர், எலியாவின் இடத்துக்கே வரவேண்டிய எலிசா. உணவு முன்னும் உபதேசம் பின்னுமாக அமைந்த இந்த வரிசையை ஊழியர்களுக்கான கூட்டங்களில் விளக்குவோர் குறைவு.

இரண்டாவது, நியாயத்தால் எழும் அயர்வு. எரேமியா, யோசியா அரசனின் 13ஆம் ஆண்டில் அழைக்கப்பட்டு, எருசலேம் பாபிலோனியரிடம் விழும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பேசியும், கேட்பாரற்றவராகவே நின்றவர். பஸ்கூர் என்னும் ஆசாரியன் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டினான், கேட்டவர்கள் நகைத்தார்கள், சொந்த ஊரான ஆனதோத்தின் மனிதரே அவர் உயிரைத் தேடினார்கள். அவருடைய புத்தகத்தின் 11ஆம் அதிகாரம் முதல் 20ஆம் அதிகாரம் வரை சிதறிக் கிடக்கும் புலம்பல்களை வேதாகம அறிஞர்கள் ‘எரேமியாவின் அறிக்கைகள்’ என்று குறிப்பிடுகின்றனர். அவற்றில் கடவுள் தம்மை இணங்கச் செய்து ஏமாற்றிவிட்டார் என்றும், நம்பி வருவோரைக் கைவிடும் வற்றிய நீரோடையைப் போன்றவர் என்றும் அவர் நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறார். இந்தச் சொற்களை நீக்கிவிடாமல் இஸ்ரவேல் தன் திருநூலுக்குள்ளேயே காத்து வைத்தது என்பது, அழைப்பின் இயல்பைப் பற்றிப் பல உரைநூல்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது. முறையிடுதல் அழைப்பை மறுப்பதாகாது. யாரிடம் முறையிடுவது என்று அறிந்திருப்பதே இன்னும் உறவு அறவில்லை என்பதற்குச் சான்று.

எரேமியாவுக்குக் கிடைத்த மறுமொழிகளும் ஆறுதல்மொழிகளாக இல்லை. காலாட்களோடு ஓடியே இளைத்தவர் குதிரைகளோடு எப்படி ஓடுவார் என்னும் பொருள்பட 12ஆம் அதிகாரத்தில் வரும் பதில், இனி வருவது இதைவிடக் கடினம் என்றே அறிவிக்கிறது. யோயாக்கீம் அரசன் அவருடைய புத்தகச்சுருளை எழுத்தரின் சூரிக்கத்தியால் சிறிது சிறிதாக அறுத்து, குளிர்காய மூட்டியிருந்த கணப்பில் எறிந்து எரித்தபோது, வேறொரு சுருளை எடுத்து முன்பிருந்தவற்றை எல்லாம் மறுபடியும் எழுது என்பதே கட்டளை. எழுதியவர் பாருக்கு என்னும் எழுத்தர். அவர் தம் இளைப்பைச் சொல்லி வருந்தியதும் 45ஆம் அதிகாரத்தில் பதிவாகியுள்ளது. அவருக்குக் கிடைத்த வாக்குறுதி ஒன்றே: பெரிய காரியங்களைத் தேடவேண்டாம், போகும் இடமெல்லாம் உயிர் மட்டும் மிஞ்சும். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்புக்கு இதைவிடச் சிக்கனமான உறுதிமொழி வேதாகமத்தில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது நிலையை விரிவாக ஆராய்ந்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். 4ஆம் நூற்றாண்டில் பொந்து நாட்டில் பிறந்து, கான்ஸ்டாண்டிநோபிளின் அரசவைச் சூழலை விட்டு வந்து, ‘கெல்லியா’ என்று அழைக்கப்பட்ட தனிக்குடில்களின் பாலைவனத்தில் 399இல் இறந்த எவாக்ரியுஸ், துறவியின் மனத்தைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். அவற்றுள் ‘அகேடியா’ என்பதையே மிகக் கொடியதாகக் கருதினார். ‘அக்கறையின்மை’ என்று சொற்பொருள் கூறலாமெனினும், அச்சொல் சுட்டும் அனுபவம் அதைவிட அகன்றது. காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை இது நீடிக்கும் என்றும், சூரியன் நகராமல் நின்றுவிட்டதுபோலவும் பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலவும் துறவிக்குத் தோன்றும் என்றும் அவர் விவரிக்கிறார். சன்னலை எட்டிப் பார்ப்பது, யாரேனும் வருகிறார்களா என்று வாசலுக்குப் போவது, சகோதரரிடையே அன்பு குறைந்துவிட்டது என்று எண்ணுவது, கடவுளை எங்கேயும் வழிபடலாமே என்று வேறிடம் தேடுவது, விட்டுவந்த உறவினரையும் வரப்போகும் முதுமையையும் நினைப்பது என்று அதன் அறிகுறிகளை ஒரு வைத்தியரின் நுட்பத்தோடு அடுக்குகிறார். 91ஆம் சங்கீதத்தில் மத்தியானத்தில் வரும் அழிவாகக் குறிக்கப்படுவதோடு இதை இணைத்து, ‘நண்பகல் பேய்’ என்று அம்மரபு இதற்குப் பெயரிட்டது. பகைவரும் இல்லை, நோயும் இல்லை, நியாயமான குறையும் இல்லை. அதே வேலை, அதே அறை, அதே நாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வெறும் காலமே இங்கே பாரமாகிறது.

இக்கருத்தை இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்ற யோவான் காசியன், தம் ‘நிறுவனங்கள்’ என்னும் நூலின் 10ஆம் பகுதியில் கைத்தொழிலை இதற்கு மருந்தாக வற்புறுத்தி, அப்பா பவுல் என்னும் துறவியைச் சான்றாகக் காட்டுகிறார். பேரீச்சை மரங்களும் சிறு தோட்டமும் அவருக்குப் போதிய உணவு தந்தன. ஊரோ ஏழு நாள் வழித் தொலைவில் இருந்தது. எதை முடைந்து விற்றாலும் கிடைக்கும் விலையைவிடச் சுமைகூலியே மிகும். ஆயினும் அவர் பேரீச்ச ஓலைகளைத் திரட்டி, வயிற்றுப்பாட்டுக்குச் செய்பவரைப்போலவே நாள்தோறும் தமக்கென்று ஓர் அளவு வகுத்துக்கொண்டு உழைத்து, ஓராண்டு உழைப்பால் குகை நிறைந்ததும் அனைத்தையும் தீயிட்டு எரித்துவிட்டு, மறுபடியும் தொடங்குவார். இக்கதை நவீன மனத்துக்கு எரிச்சலூட்டுவது இயல்பு. வீண் வேலையின் புகழ்ச்சியாகவே அது படும். ஆனால் பலனை முற்றிலும் கழித்துவிட்டபின் உண்மைத்தன்மையில் எஞ்சுவது யாது என்று சோதித்துப் பார்த்தவர்கள் இவர்கள். எரிப்பதற்கென்றே முடைந்தாலும் முடைச்சல் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கண்ட விடை.

பின்னாளில் நேர்ந்தது வருந்தத்தக்கது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் அந்த எட்டை ஏழாக மாற்றி அமைத்தபோது அகேடியா துயரத்துக்குள் அடக்கப்பட்டது. இடைக்காலத்தில் அது மீண்டு வந்து, பாமரர்க்கான போதனையில் மெல்ல வெறும் சோம்பலாகச் சுருங்கியது. தமிழ்க் கத்தோலிக்கச் சிறுவர்கள் மனப்பாடம் செய்துவந்த தலையான பாவங்கள் ஏழனுள் இறுதியில் நிற்கும் ‘சோம்பல்’ இதுவே. ஓயாமல் ஓடியாடி உழைப்பவரையும் அகேடியா பிடிக்கக்கூடும், இன்னும் சொன்னால் ஓயாத ஓட்டமே அதன் ஒரு வடிவம் என்னும் பழைய அறிவு அந்தச் சொல்மாற்றத்தில் மறைந்துபோயிற்று.

இம்மூன்று நிலைகளிலும் அடங்காத நான்காவது ஒன்று ஒரு வாழ்க்கையை முறித்ததைத் தரங்கம்பாடியின் வரலாற்றில் காணலாம். சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் 1682இல் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்க், இளமையிலிருந்தே நோயாளி. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நடத்திய கல்விநிலையங்களில் வளர்ந்த பக்திநெறி இயக்கத்தை, அதாவது கோட்பாட்டு ஒப்புதலைவிட உள்ளத்தின் மறுபிறப்பையும் நடைமுறை அன்பையும் முதன்மையாக்கிய லூத்தரிய இயக்கத்தைச் சார்ந்தவர். டென்மார்க் மன்னர் 4ஆம் ஃபிரெடரிக் அனுப்ப, ஹைன்ரிக் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். டேனிஷ் வணிகக் கம்பெனிக்கு இவர்களின் வருகை உவப்பானதாக இல்லை. டான்ஸ்போர்க் கோட்டையின் தளபதி ஹாசியஸ் தொடக்கம் முதலே பகைத்து, 1708 நவம்பரில் சீகன்பால்க்கைச் சிறைப்படுத்தி நான்கு மாதங்கள் அடைத்து வைத்தார். அதற்கு முந்தைய மாதந்தான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். விடுதலைக்குப் பின் வேலை தொடர்ந்து, 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1714இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் எஞ்சிய பகுதியும் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாயின.

சிறை அவரை முறிக்கவில்லை. வெளியிலிருந்து வரும் எதிர்ப்பு பல நேரங்களில் அழைப்பை உறுதிசெய்யவே துணைபுரிகிறது; துன்புறுத்தப்படுபவர் தம்மைத் தீர்க்கதரிசிகளின் வரிசையில் வைத்துப் பார்க்க முடிகிறது. அந்த வசதி, உள்ளிருந்து வரும் எதிர்ப்பில் கிடைப்பதில்லை. தென்னிந்தியரின் தெய்வங்களைப் பற்றி அவர் தமிழ் நூல்களையும் தமிழரின் கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்டு 1713இல் எழுதி முடித்த பெருநூலை, அவரை வளர்த்தெடுத்த ஹாலே அச்சிடத் தகாததென்று ஒதுக்கியது. புறச்சமயத்தை வேரறுக்கப் போனவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது ஃபிராங்கேயின் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. தமிழரை அறிந்துகொள்வதும் தம் அழைப்பின் பகுதியே என்று சீகன்பால்க் கருதினார். அனுப்பியவர்கள் அதைப் பொழுதுபோக்காகக் கருதினார்கள். இங்கே வழக்கு அழைக்கப்பட்டவருக்கும் பகைவருக்கும் இடையில் இல்லை. அழைப்பின் எல்லை எது என்பதில் அழைக்கப்பட்டோருக்குள்ளேயே இருந்தது.

இறுதி அடி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. மிஷன் பணிகளை மேற்பார்க்க 1714இல் அங்கே நிறுவப்பட்ட குழுவின் செயலாளரான கிறிஸ்தியான் வென்ட், ஊழியர்கள் முதல் அப்போஸ்தலர்களைப்போல உடைமையின்றி ஊர் ஊராகப் போகவேண்டுமேயன்றி, வீடு வாங்குவதும் கோவில் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் மணம் செய்துகொள்வதும் தகாது என்னும் கருத்துடையவர். தாமோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர் என்பதை வரலாறு சற்றுப் புன்னகையோடுதான் குறிக்கவேண்டும். ஐரோப்பா சென்று, மரியா டொரோத்தேயா சால்ஸ்மன் என்பவரை மணந்து 1716இல் திரும்பியிருந்த சீகன்பால்க்குக்கு வென்ட்டிடமிருந்து பணத்துக்குப் பதிலாகக் கடிந்துரைகளே வந்தன. புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட காலமும் அந்தக் கடிதங்களால் மனம் நொந்த காலமும் ஒன்றே. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், அவர் இறந்தார்.

வென்ட்டின் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். சொத்தும் கட்டடமும் சேர்ந்த மிஷன்கள் பின்னாளில் அவற்றின் வழக்குகளிலேயே மூழ்கியதைத் தமிழக நீதிமன்றங்களின் படிகள் அறியும். பிழை அவர் கொள்கையில் அன்று. தம் கொள்கையைத் தொலைவிலிருந்தபடி மற்றொருவரின் உடல்மேல் நிறைவேற்ற முயன்றதில் இருந்தது. ‘உண்மையாயிரு’ என்னும் கட்டளையைப் பாரம் சுமப்பவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, பாரத்தை ஏற்றியவர்கள் தம் பங்கை மறைத்துக்கொள்வதற்கு எளிய வழியாகிவிடும். எக்லேசியாவும் க்லேசிஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றால், ஒருவரின் நிலைத்திருத்தல் அவர் ஒருவரின் மனவுறுதியால் மட்டும் நிற்கக்கூடியதாக இருக்க நியாயமில்லை; எலியாவுக்கு அடை சுடவும் எரேமியாவுக்கு மறுபடியும் எழுதவும் வேறு கைகள் இருந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிலைத்திருத்தல் என்பது தொடங்கிய வடிவத்தை விடாமல் பற்றியிருத்தல் அன்று. பவுல் பித்தினியா நாட்டுக்குப் போக முயன்றபோது ஆவியானவர் தடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அடைபட்ட கதவின் முன் நின்றுகொண்டே இருப்பதை அவர் விசுவாசம் என்று கருதவில்லை. சீகன்பால்க்குடன் வந்த புளூட்சோ 1711இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பின்னர் ஹோல்ஸ்டைன் பகுதியில் ஓர் ஊர்ச்சபையின் போதகராகப் பணியாற்றினார். மிஷன் வரலாறுகள் அவரை இரண்டொரு வரிகளில் கடந்துபோகின்றன. தரங்கம்பாடியை விட்டதை அழைப்பை விட்டதாகக் கொள்ள எந்த நியாயமும் இல்லை. அழைத்தவர் மாறாமல் இடம் மாறுவது எவாக்ரியுஸ் எச்சரித்த இடத்தேடலிலிருந்து வேறுபட்டது. எனினும் இரண்டையும் பிரிக்கும் கோடு வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் புலப்படாது. பல நேரங்களில் உரியவர்க்கே ஆண்டுகள் கழித்துத்தான் புலப்படும். அதனால்தான், அயர்வு உச்சத்தில் இருக்கும் வேளையில் குடிலை விட்டு வெளியேறும் முடிவை எடுக்கவேண்டாம் என்று பாலைவனத்தார் அறிவுறுத்தினர். அது தங்கியே ஆகவேண்டும் என்னும் தீர்ப்பு அன்று, நண்பகலில் தீர்ப்பெழுதாதே என்னும் விவேகம்.

இத்தகைய வரலாறுகளைச் சொல்வோர், இறுதியில் பலன் கிடைத்ததே என்று காட்டி முடிப்பதே வழக்கம்: சிறையிலிருந்தவரின் மொழிபெயர்ப்பு நூலாயிற்று, ஒதுக்கப்பட்ட ஆய்வு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அச்சேறியது, கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. உண்மையே. ஆனால் இவ்வாறு முடிப்பது, எடுத்தெறிந்த அளவுகோலையே பின்வாசல் வழியாக மீண்டும் கொண்டுவருவதாகும். எரேமியாவுக்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயும் தம் மக்களால் மறுக்கப்பட்டவராகவே 44ஆம் அதிகாரத்தில் கடைசியாகப் பேசுகிறார். அப்பா பவுலின் கூடைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதிவேடுகளில் பெயர்கூட இல்லாத உபதேசியார்களும் வேதாகமப் பெண்களும் தென்னாட்டுச் சிற்றூர்களில் நடந்து தேய்ந்த வழிகளுக்கு எந்த ஆலயமும் சாட்சியாக நிற்பதில்லை. அவர்களுடைய உண்மையும் சீகன்பால்க்கின் உண்மையும் ஒரே தன்மையது என்றால், அச்சேறிய புத்தகத்தால் அவருடையது கூடியதென்றோ, அச்சேறாததால் அவர்களுடையது குறைந்ததென்றோ கொள்ள இடமில்லை.

சீகன்பால்க் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் சரித்திரம் வரைதான் வந்திருந்தது. அதே ஆண்டில் வந்திறங்கிய பெஞ்சமின் ஷுல்ட்சே பின்னர் அதைத் தொடர்ந்து முடித்தார். சீகன்பால்க்குடன் 1709 முதல் இருந்த யோகான் எர்ன்ஸ்ட் க்ரூண்ட்லர், நோயுற்ற உடலோடு, நண்பரின் கல்லறை இருந்த அதே ஆலயத்தில் பிரசங்கம் செய்தும் பள்ளிகளைக் கவனித்தும் வந்தார். 1720 மார்ச்சில் அவரும் இறந்தார்.